பொங்குற வண்டியும் லாஸ்பேட்டை டீச்சரும்

ரிப்பேர் தொழிலுக்கு ஒரு சாபக்கேடு உண்டு: வேலையை ஒழுங்கா முடிச்சா, வந்த வண்டி திரும்ப வராது.

பழைய காரை வெச்சுக்கிட்டு, ரோட்டோரமா பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆவி அடங்கட்டும்னு வெயில்ல காய்ஞ்ச எல்லாருக்கும் முதல்ல ஒரு கும்பிடு. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நீங்க ஒரு வண்டிக்காக நின்னீங்க, நான் ஊர்ப்பட்ட வண்டிக்கும் நிக்கிறவன். முத்தியால்பேட்டையில ஷெட். பழைய கார்னா என்கிட்டதான் தள்ளிக்கிட்டு வருவாங்க. அதுல பாதி, இன்ஜின் சூடாகுற கேஸ்தான்.

சாமிக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குற சொல்தா ஒருத்தர், தொப்பியும் கையுமா வந்து இறங்கினார். "பத்து நிமிஷம் ஓட்டினா சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுதுப்பா. இன்ஜினையே இறக்கணும்னு ஒருத்தன் சொல்றான்"னார். முகத்துல ஈயாடல.

நான் பானெட்டைத் திறக்கவே இல்ல. முன்பக்கம் கம்பி ஜாலியே தெரியாம மூணு வரிசை சாமந்தி மாலை, ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, நடுவுல ஃப்ரேம் போட்ட சாமி படம். ரேடியேட்டருக்குக் காத்து போக ஒரு ஈ நுழையுற சந்து கூட இல்ல. மாலை காய்ஞ்சு கருவாடாக் கிடக்கு. கழட்டப் போனா கையைத் தட்டி விடுறார். சாமியைக் கழட்டலீங்க, உள்ள டேஷ்போர்டுல உக்கார வெக்கிறேன்னு கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வெச்சேன். கிளம்பும்போது விரலை நீட்டிச் சொன்னார்:

"சரி, உள்ள வெச்சாச்சு. ஆனா பிரேக் பிடிக்கலன்னா நான் சாமிகிட்ட போக மாட்டேன், உன்கிட்டதான் வருவேன்."

ஏங்க

ஷெட்டுக்குப் பொம்பளைங்க யார் வந்தாலும் வண்டியை விட்டு இறங்கும்போதே "அண்ணே"தான். என்னைவிடப் பத்து வயசு பெரியவங்க கூட அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் தலையாட்டிக்குவேன். நாலு தங்கச்சிங்களைக் கட்டிக்குடுத்து நிமிர்றதுக்குள்ள மண்டையில முடி போச்சு, என் கல்யாணப் பேச்சும் போச்சு. அதுக்கப்புறம் அண்ணேன்னா என்ன, தாத்தான்னா என்ன.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நீலக் கலர்ல ஒரு பழைய பிரெஞ்சு வண்டி புஸ்ஸுனு ஆவி விட்டுக்கிட்டு உள்ள வந்துச்சு. இறங்கினவங்க லாஸ்பேட்டையில டீச்சர். நாப்பது தாண்டியிருக்கும், காதோரம் நரை. "ஏங்க, வண்டி பொங்கிடுச்சுங்க"ன்னாங்க. அண்ணேன்னு சொல்லல. நான் கவனிச்சேன்.

வண்டி அவங்க அப்பாவோடது. அவர் படுத்த படுக்கையா இருந்த வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கிட்டதுல கல்யாணப் பேச்சே தள்ளிப் போய் நின்னுடுச்சாம். அவர் போய் ஒரு வருஷம். நல்லா இருந்த காலத்துல ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் பிள்ளைச்சாவடி வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துட்டு வருவாங்க. இவங்க அதை இன்னும் விடல. ஆனா ஈசிஆர் ரோட்டுல வேகம் எடுத்தா வண்டி கொதிக்குது. பாரீஸ்ல இருக்கிற தம்பி பொங்கலுக்கு வர்றான். வண்டி ஓடலன்னா, ஒரு ஹோட்டல்காரங்களுக்குக் குடுத்துடலாம்னு பேசி வெச்சிருக்கான். வாசல்ல நிறுத்தி, உள்ள லைட் போட்டு அலங்காரமா வெப்பாங்களாம். இதைச் சொல்லிட்டு, பானெட் மேல கையை வெச்சு, கொஞ்சம் கோபமாவே சொன்னாங்க:

"இது ஓடுற வண்டிங்க. பூந்தொட்டி இல்ல."

ஐஸ் தண்ணி

டீச்சர் வண்டியில ரேடியேட்டரைக் கழுவினேன், தெர்மோஸ்டாட்டை மாத்தினேன், ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். ஷெட்ல ஓடவிட்டா பச்சைப் பிள்ளை மாதிரி சமத்தா நிக்குது. ரோட்டுல போனா பொங்குது. அடுத்த ஞாயிறும் வந்தாங்க, அதுக்கடுத்த ஞாயிறும் வந்தாங்க. வேணும்னே விட்டு வெச்சேன்னு நினைக்காதீங்க, தொழில் மேல சத்தியம். ஞாயித்துக்கிழமையும் ஷெட்டைத் திறந்து வெச்சேனே, அதுதான் வேணும்னே.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம், அவங்க வர்ற நேரமாப் பார்த்து, தேங்காய்த்திட்டுல மீன் ஏலம் எடுக்கிற அக்கா ஒருத்தங்க பழைய வேனோட வந்தாங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் பாருங்க, ஷெட்டே மீன் மார்க்கெட் ஆயிடுச்சு. வழியில கொதிச்சதும் கையில இருந்த மீன் பெட்டியோட ஐஸ் தண்ணியை அப்படியே ஊத்தியிருக்காங்க. கொதிக்கிற இன்ஜின்ல ஐஸை ஊத்தினா ஹெட்டு வெடிச்சுடும் அக்கான்னு கத்தினேன். நல்லகாலம், வெடிக்கல. நான் சோப்பு போட்டு போட்டுக் கையைத் தேய்க்கிறேன், வாடை போகவே மாட்டேங்குது. டீச்சர் வண்டி வாசல்ல திரும்புது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ஊருக்கே கேக்குற குரல்ல சொன்னாங்க:

"மீனே கெடாம இருக்கு, இன்ஜின் கெட்டுடுமாண்ணே? என்னா அழுக்குனு இப்படித் தேய்க்கிற, பொண்ணா பாக்கப் போற?"

ஒட்டிக்கிட்ட குழாய்

மார்கழி பாதி போயிடுச்சு. தம்பி வர்ற நாள் நெருங்குது, டீச்சர் முகத்துல சிரிப்பு இல்ல. எனக்கும் ராத்திரி சோறு இறங்கல. சரி பண்ணினா அவங்க வர மாட்டாங்க, பண்ணலன்னா வண்டியே இருக்காது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் எனக்குத்தான். ஆனா அந்த வண்டி ஹோட்டல் வாசல்ல நின்னா அவங்க அந்தத் தெருப்பக்கமே போக மாட்டாங்கன்னு தெரியும். அதை என்னால தாங்க முடியாது.

அந்த ஞாயிறு நான் அவங்க வண்டி சீட்ல உக்காந்து ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சேன். பானெட் தூக்கியிருந்ததால எனக்கு இன்ஜின் தெரியல. முன்னாடி நின்ன டீச்சர் திடீர்னு கையாட்டினாங்க. "ஏங்க, இந்த அடிக் குழாய் ஒட்டிக்குதுங்க! நீங்க காலை எடுத்தா உப்புது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர்லேருந்து தண்ணி வர்ற குழாய் அது. குழாய்க்குள்ள இருக்க வேண்டிய ஸ்ப்ரிங் துருப்பிடிச்சு உதிர்ந்து போச்சு. வேகம் எடுத்தா பம்ப் இழுக்கிற இழுப்புல குழாய் சப்பையாகி, தண்ணி ஓட்டம் நின்னுடுது. மெதுவா ஓடினா ஒண்ணும் தெரியாது. நான் மாசக்கணக்கா மெதுவா ஓடவிட்டே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

ஸ்ப்ரிங் வெச்சுப் புதுக் குழாய் மாட்டி, பிள்ளைச்சாவடி வரைக்கும் விரட்டிட்டு வந்தோம். முள்ளு நடுவுல நட்டு வெச்ச மாதிரி நின்னுச்சு. டீச்சர் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்ச நேரம். சாவியைக் கையில வாங்கிக்கிட்டு அவங்க சொன்னாங்க:

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமையில உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேங்க."

முள்ளு நடுவுல

தம்பி வந்தான், போனான். வண்டியை விக்கல. எப்படித் தெரியும்னா, சொல்தா வந்து சொன்னார்: "நேத்து அந்த நீல வண்டி என்னையே ஓவர்டேக் பண்ணிட்டுப் போவுதுடா!" பெருமையா இருந்துச்சு. அடுத்த ஞாயிறு சாயங்காலமும் ஷெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தை போச்சு, மாசியும் போச்சு. வாசல்ல எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து நின்னேன். நான் அந்த வண்டிக்கு ஏங்கல, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அந்த "ஏங்க"வுக்குத்தான் ஏங்கினேன். நானே மாட்டின குழாயை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன்னு கணக்கில்ல.

பங்குனி வெயில்ல ஒரு ஞாயிறு, நீல வண்டி உள்ள வந்துச்சு. ஆவி இல்ல, சத்தம் இல்ல. பதறிப்போய் பானெட்டைத் தூக்கினேன். குழாயை அமுக்கிப் பார்த்தேன், தண்ணியைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு. "எங்கேங்க பொங்குச்சு? வண்டி நல்லாத்தானே டீச்சர் இருக்கு?"ன்னு கேட்டேன். அவங்க இன்ஜின் பக்கமே பார்க்கல. புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே கேட்டாங்க:

"ஏங்க, நல்லா இருந்தா வரக்கூடாதுங்களா?"

வேலையை ஒழுங்கா முடிச்சா வந்த வண்டி திரும்ப வராதுன்னு மேல சொல்லியிருக்கேனே, அந்த ஒரு வரியை மட்டும் தயவுபண்ணி அடிச்சுட்டுப் படிச்சுக்குங்க.