மாத்திரைக்கு அரைப் பேர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். மத்தியானம்வரை செய்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறதோ அதற்குத்தான் சம்பளம். அம்மாவுக்கு டி.பி. வந்த வருஷம், வாயைத் திறந்தாலும் அரைப் பேர் என்று ஆனது.

காரணம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை யாரும் விழுங்கவில்லை. குமட்டியது, தலை சுற்றியது, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் வீசிவிட்டார்கள். எஸ்டேட் துரைக்கு எங்கள் மேல் திடீரென்று பாசம் வந்தது. இருமல்காரர்கள் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து, கம்பவுண்டர் முன்னால் மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டினால் அரைப் பேர் என்று உத்தரவு போட்டார். எல்லோரும் வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போகிற இடம் அது. அம்மா அங்கே இருபது வருஷம் நின்றிருக்கிறாள். அவள் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா விடுவாளா?

"எக்கா, ஒனக்கு வந்த யோகத்தப் பாரு. நாங்க மழையில நனைஞ்சு கொழுந்து பறிச்சாத்தான் பேரு. நீ ஆன்னு காட்டுனாப் போதும்."

"அப்ப இந்த இருமல நீ எடுத்துக்கிடுதியாட்டி? சம்பளத்தோட சேத்துத் தாரேன்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார், சுகமாவதற்குக் கூலி வாங்குவது விசுவாசத்துக்கு அழகா என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்து உதவினார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, "அவரும் பிரசங்கத்துக்குக் கூலி வாங்கத்தான செய்யுதாரு" என்றாள்.

உண்மையில் அவளுக்கு உடம்பு தேறிவந்தது. ரத்தம் நின்றது. அரைப் பேர்க் காசில் மறையூர்ச் சர்க்கரை வாங்கி, கட்டங்காப்பி போட்டு, வாய்க் கசப்பு போகக் குடிப்பாள். ஒரே தொல்லை ஞாயிறுதான். அன்றைக்குப் பெரட்டு கிடையாது. மாத்திரையைச் சனிக்கிழமையே காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதை அம்மா தொடமாட்டாள்.

"இன்னைக்குப் பேரு இல்லயே."

"யம்மா, மாத்திரை நோய்க்கு. பேருக்கு இல்ல."

"பேரு இல்லாம எவளாவது வேல செய்வாளாட்டி?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மூன்றாம் வகுப்புவரை படித்த பெரிய அறிவாளி வேறு.

அப்புறம் போனஸ் கேட்டு ஸ்டிரைக் வந்தது. ஒருவரும் பெரட்டுக் களத்தை மிதிக்கக் கூடாது, பேர் வாங்கினால் கருங்காலி என்று சங்கத்தில் முடிவு. அம்மாவின் அரைப் பேர் என்ன ஆவது? லயத்து வாசலில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

"மாத்திரை திங்கட்டும். பேரு வாங்கப்பிடாது" என்றார் எங்கள் லயத்துத் தலைவர். கொள்கைக்காரர்.

கம்பவுண்டரிடம் போய்க் கேட்டார்கள். பேர் எழுதாமல் மாத்திரை கொடுத்தால் ரிஜிஸ்டர் ஒத்துப்போகாது என்றார். அவரும் கொள்கைக்காரர்.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றாள் அம்மா.

"கொஞ்ச நாளைக்கு இருமாம இருங்க மைனி" என்றார் தலைவர். கூட்டமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

நாலாம் நாள் விடியும்போது இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கொழுந்துக்குப் போகும்போது கட்டுகிற சாக்கு அது. மாத்திரைக்குப் போகவும் அதைக் கட்டித்தான் போவாள்.

"போயிட்டு வந்திருதேன்ட்டி. மாத்திரையோட வந்த தல சுத்தலும் நின்னு போச்சு. பயமா இருக்கு."

"நீ போனா என்னத்தான கருங்காலி மவள்னு சொல்லுவாவ? நான் இந்த ஆளுவ மூஞ்சில முழிக்கவேண்டாமா? ஸ்டிரைக் முடியட்டும்."

சொன்னதோடு நிற்காமல் முடிச்சை அவிழ்த்துப் படங்கைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன். அவள் சண்டை போடவில்லை. "பெரிய மனுசி சொல்லிட்டா" என்று அடுப்படியில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஓடியது. ஜெயித்தோம். மாலை, வெடி, கொடி எல்லாம் உண்டு. மறுநாள் அம்மா பழையபடி களத்தில் வாயைத் திறந்தாள். ஆனால் ரத்தம் திரும்பி வந்திருந்தது. நடுவில் விட்டதால் இனி இந்த மாத்திரை கேட்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வேறு மருந்து எங்கள் பக்கம் கிடைக்காது. கேட்காத மாத்திரைக்கும் அரைப் பேர் மட்டும் ஒழுங்காக விழுந்தது. மழை பிடித்த மாதம் அவளைப் புதைத்தோம்.

ஸ்டிரைக் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தம். அது வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை. கிளார்க் என் கூலியோடு இன்னொரு கவரையும் நீட்டினார்.

"ஒங்க அம்மைக்குள்ளது. ஸ்டிரைக் நாளுக்கு அரைப் பேரு. எல்லாத்துக்கும் உண்டுன்னா அவியளுக்கும் உண்டுல்லா?"

விழுங்காத மாத்திரைக்குக் கூலி. நேர்மையான எஸ்டேட்.

"நாக்கத் தூக்கிக் காட்டணுமா சார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "போ பிள்ள, பின்னால ஆளு நிக்கி" என்றார்.

பணத்தை வேண்டாம் என்று வீசிவிட்டு வந்ததாக எழுத ஆசைதான். வீசவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த முடிச்சை அவிழ்த்த கைக்கு இதில் என்ன கூச்சம்.