உமி பறக்கும் திசைக்கு எதிரே

கூடைக்குள் கைவிட்டு, முட்டைகளுக்கு மெத்தையாகப் பரப்பிய உமியில் ஒரு சிட்டிகை எடுத்து, முகத்துக்கு நேரே உயர்த்தி விடுகிறாள் பாப்பாத்தி. உமி எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து உறவுக்காரர் வீட்டில் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு.

எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டி முடிந்த வயல்களில் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்திவிடுவார்கள். தை தொடங்கிப் பங்குனி வரை ஏதாவது ஒரு மூலையில் புகை நிற்கும். பாப்பாத்திக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. புகை பட்டால் போதும், நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்த ஆரம்பித்துவிடும். பெரம்பலூர் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அவர் சொன்னதாக அவள் சொல்லாத விஷயமே இல்லை.

"ஈரத்துணி கட்டுனா சாம்பலுதான் நிக்குமாம், பொக நிக்காதாம். பொக வர்ற எடத்துல நாம இருக்கக் கூடாதாம். போக முடியலன்னா கதவச் சாத்திக்கணும், உள்ளாற அடுப்புப் பத்த வைக்கக் கூடாதாம்."

"போற எடத்துல கருவாட்டுக் கொழம்பு கேட்டு வாங்கித் திங்கச் சொன்னாரா?" என்று கேட்பாள் அக்காள் சுந்தராம்பாள்.

"கேட்டுப் பாத்தேன். வேணாம்னு சொல்லல."

வீடு வீடாக நாட்டுக்கோழி முட்டை வாங்கி டவுனில் விற்பவள் என்பதால், யார் வயல் எப்போது வெட்டு, யார் எப்போது கொளுத்தப்போகிறார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அவள் வீட்டைப் பூட்டிக் கூடையைத் தூக்கினால் தெருப் பெண்கள் கொடியில் காயும் துணிகளை உருவுவார்கள்; தண்ணீர்க் குடங்களை மூடுவார்கள். ஒருத்தியும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. "பொக ராணி கெளம்பிட்டா" என்பதோடு சரி.

அவள் போகாத வீடு ஒன்றே ஒன்று. ஊருக்கு மேற்கே, கரும்பு வயல்களைத் தாண்டி இருக்கும் நாத்தனார் கலியம்மாளின் ஓட்டு வீடு. ஐந்து வருடத்துக்கு முன் பாப்பாத்தி அடைவைக்கக் கொடுத்த முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. நடுச் சந்தையில் வைத்து, "கூமுட்டைக்காரி" என்றாள் கலியம்மாள். முட்டை விற்கிறவளை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. "அடைக்கோழியத் தூக்கித் தூக்கிப் பாத்தா குஞ்சு எங்கேருந்து வரும்?" என்று பாப்பாத்தி திருப்பிக் கொடுத்தாள். அதோடு பேச்சு நின்றது.

போன மாசியில், வெள்ளிக்கிழமை கொளுத்துவதாகச் சொன்ன குழந்தைவேல் புதன்கிழமையே கொளுத்திவிட்டார். தீ பக்கத்து வயல்களுக்கும் தாவியது. பாப்பாத்தி உமியை விட்டாள், கிழக்கே பறந்தது. மறுபடி விட்டாள்; அதே கிழக்கு. கலியம்மாளின் வாயைப் பற்றி உமிக்கு என்ன தெரியும்? நெஞ்சில் குஞ்சு கத்தத் தொடங்கவே, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வரப்போடு சுற்றி மேற்கே நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த நேரம் காற்று நின்றுபோனது. புகை தரையோடு படுத்து நாலாபக்கமும் பரவியது. வாசலில் ஆடு கட்டிக்கொண்டிருந்த கலியம்மாள் அண்ணியைப் பார்த்தாள். ஆட்டிடம் சொன்னாள்:

"வாசல்ல நின்னு இழுத்துக்கிட்டுக் கெடந்தா எங்கண்ணன் என்னையத்தான கேக்கும். உள்ள வரச் சொல்லு."

"நானா வரல, காத்து தள்ளிக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லு" என்றாள் பாப்பாத்தி, அதே ஆட்டிடம், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆட்டையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஈரச் சேலையைக் கதவடியில் திணித்தாள் பாப்பாத்தி. சன்னலுக்குச் சாக்கு கட்டினாள் கலியம்மாள். குஞ்சின் சத்தம் மெல்ல அடங்கியது.

அப்போதுதான் கலியம்மாள் அடுப்படியில் குனிந்தாள். ஐந்து வருடம் கழித்து வீட்டுக்குள் வந்தவளைக் காப்பி கொடுக்காமல் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும்? சுள்ளிகளை முறித்து அடுக்கினாள். தீப்பெட்டியை எடுத்தாள்.

கதவு சாத்திய ஒற்றை அறையில் ஒரு சுள்ளி புகைந்தாலும் பாப்பாத்தியின் கதை முடிந்தது. வேண்டாம் என்று வாயைத் திறந்தால் ஐந்து வருடப் பிடிவாதம் போய்விடும். ஆட்டிடம் சொல்லலாமென்றால் அது கதவோரம் தூங்கிவிட்டது.

குச்சியைப் பெட்டியில் உரசப்போகும் நேரத்தில், பாப்பாத்தி கூடையைத் தூக்கி அடுப்பின் மேலேயே வைத்தாள்.

கலியம்மாள் நிமிர்ந்து முறைத்தாள். பாப்பாத்தி ஒரு முட்டையை எடுத்து, காப்பிக்கென்று எடுத்து வைத்திருந்த டம்ளரின் விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றி, நாத்தனாரின் முன்னால் நகர்த்தினாள்.

கலியம்மாள் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். டம்ளரை ஓட்டுச் சந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சள் கரு உடையாமல் உருண்டையாக நின்றது. முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரைப் பாப்பாத்தியின் பக்கம் திரும்ப நீட்டினாள்.