தாய்மாமனாக மட்டும் வந்த என் தம்பி

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என் மகன் சுரேஷ் போனைப் பிடித்தபடி வந்து நின்றான். அவனுக்குக் காது கேட்காது, கையால்தான் பேசுவான். மீசையை முறுக்கிக் காட்டினான். எங்கள் வீட்டில் அதற்கு மாமா என்று அர்த்தம். பிறகு நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினான்.

என் தம்பி தண்டபாணி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வெல்டர். ஷிப்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். மாரடைப்பு. நாற்பத்தொரு வயசு. கூட வேலை செய்தவர்கள் அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், எனக்கு அவன்தான்.

பதினேழு வயசில் என்னை எங்கம்மாவின் சொந்தத் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். ஊத்துக்கோட்டை பக்கம் இருக்கிற ரெண்டு ஏக்கர் நெல் நிலம் வெளியே போகக்கூடாது என்று அம்மாவுக்கு எண்ணம். முதல் குழந்தை நாற்பது நாள்தான் இருந்தது. அடுத்தவன் சுரேஷ். நாகதோஷம் என்றார்கள், என் வயிறு சரியில்லை என்றார்கள். போகாத கோயில் இல்லை.

சுரேஷுக்கு நாலு வயசில், பத்தாவது படித்துக்கொண்டிருந்த தண்டபாணிதான் எங்களைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். "வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன உறவு?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். சொன்னேன். சொந்தத்தில் கட்டினால் எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது, ஆனால் ஆபத்து கூடும், தலைமுறை தலைமுறையாகக் கட்டினால் இன்னும் கூடும் என்று பொறுமையாக விளக்கினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி சொன்னான். "யக்கா, இது சாமி குத்தமும் இல்ல, உன் வயித்து குத்தமும் இல்ல. இனிமே எவனாவது உன்ன பேசட்டும், நான் பாத்துக்கிறேன்." அன்றைக்குத்தான் நான் தலை நிமிர்ந்து ஊருக்குள் நடந்தேன். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியைத் தேடிப் பிடித்து சுரேஷைச் சேர்த்ததும் அவன்தான். சுரேஷ் கற்ற கைப்பேச்சைத் தானும் கற்றுக்கொண்டான்.

என் மகள் செல்வி பெரியவளானபோது அவனுக்கு இருபத்தேழு வயசு. அவளுக்காகவே அம்மா அவனுக்குப் பெண் பார்க்காமல் வைத்திருந்தார். பச்சை ஓலையில் குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை. கட்டினான். பட்டுப்பாவாடை, வளையல், பழம் என்று சீரும் கொண்டுவந்து வைத்தான். அம்மா தனியாக ஒரு வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டினார்.

"இன்னைக்கே பேசி முடிச்சிடலாம். எடுத்துக்கோடா."

"எனக்கு வாணாம்மா."

"இன்னாடா, கம்பெனி சம்பளம் வந்ததும் அக்கா பொண்ணு கசக்குதா?"

"கசக்கல. நான் மூக்கு தொடச்சி வளத்த கொழந்த அது."

"அப்புறம் எதுக்குடா சீரத் தூக்கினு வந்த?"

"மாமனா வந்தேன்மா. மாப்பிள்ளையா வரல."

கூட்டத்தில் ஒருத்தர், "டேய், சபையில அம்மாள அசிங்கப்படுத்தாத," என்று கத்தினார். தம்பி அசையவில்லை. "யக்கா, நீ சொல்லு," என்றான். அதுவரை என் கல்யாணம் உட்பட எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை. "வேணாம்மா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் அம்மா அவனோடு பேசவில்லை. ஆர்.கே.பேட்டை பக்கத்தில், ஒட்டும் உறவும் இல்லாத வீட்டில் அவன் பெண் கட்டினான். அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள்கொத்தும் கரும்பும் அம்மா வாசலில் வைத்துவிட்டு, "எம்மா, உம்புள்ள வந்துட்டுப் போறேன்!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போவான். பதினோரு வருஷம்.

செல்வி லேப் வேலைக்குப் படித்தாள். வள்ளூரில் வெளிச்சம்பந்தம். பிரசவமான மறுநாள் குழந்தைக்குக் காது பரிசோதனை. நாங்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே. தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். நர்ஸம்மா வந்து, "ரெண்டு காதும் நல்லா கேக்குது," என்றதும் அவன் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"மெதுவா பேசுடா பாவி! கொழந்தைக்குத்தான் காது கேக்குதில்ல!"

பதினோரு வருஷம் கழித்து அம்மா அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் சிரித்தபடியே அழுதான். சுரேஷைப் பார்த்ததும் சட்டென்று அடங்கினான், பிள்ளை மனசு நோகுமோ என்று. சுரேஷோ ரெண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினான். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள்.

போன வாரம் தம்பிக்குக் கருமாதி. சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர் ஒருத்தர் ஆரம்பித்தார். "வருஷம் திரும்பறதுக்குள்ள ஒரு நல்லது நடக்கணும். நம்ம சொந்தத்துலயே ஒரு பொண்ணு கீது, சுரேஷுக்கு முடிச்சிடலாம். காது கேக்காதவனுக்கு வெளிய எவன் குடுப்பான்?"

சுரேஷுக்கு முப்பது வயசு. கம்பெனியில் மிஷின் ஓட்டிச் சம்பாதிக்கிறான். ஆனாலும் பெண் அமையவில்லை. எதிர்த்துப் பேசத் தம்பியும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னாயா பேசற? அந்தப் பேச்ச எம்புள்ள இந்த ஊட்ல முடிச்சி வச்சிட்டுப் போயிட்டான். சோறு துன்னியா, கெளம்பு. பேரனுக்கு வெளியிலதான் பொண்ணு பாப்பேன், நானே பாப்பேன்."

ஆயா என்ன கத்துகிறார் என்று சுரேஷ் என்னைக் கேட்டான். கையால் சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பு எவ்வளவு சத்தமென்று அவனுக்குத் தெரியாது. சாவு வீடு என்று யாரும் அவனை அடக்கவில்லை. தம்பி பெண்டாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தண்டபாணி, நீ ஜெயிச்சிட்டடா. நிம்மதியா போய் வா, ராசா.