தூணுக்குள் இருந்த ரயில்

தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பது எங்கள் வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி இழுக்கும் டீசல் இன்ஜினில் டிரைவர். சரித்திரத்தோடு நிறுத்தாமல், அந்த முதல் ரயிலின் கூவல் ஸ்டேஷன் தூணுக்குள் மாட்டிக்கொண்டது, சாயங்காலம் நாலு மணிக்குக் காதை வைத்தால் கேட்கும் என்றும் சொன்னார். வைத்துப் பார்த்தேன், கேட்டது. அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள், சென்ட்ரல்தான் முதல் ஸ்டேஷன் என்று சாதித்தாள். தூண் கதையைச் சொன்னேன். சிரித்தாள். சனிக்கிழமை தூண் கூவாவிட்டால் முழுப் பரீட்சை வரைக்கும் அவள் பையை நான் தூக்க வேண்டும் என்று பந்தயம். அன்று காலை வேலைக்குக் கிளம்பிய மாமாவை வாசலில் மறித்தேன்.

"இன்னிக்கு கூவும்ல மாமா?"

"கூவாம இன்னா? நீ தைரியமா போ கண்ணு."

ஜெயித்துவிடுவோம் என்று அவள் பையோடே வந்திருந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூணில் கன்னத்தை ஒட்டிக்கொண்டோம். தினமும் அந்நேரம் கடந்துபோகும் சரக்கு வண்டி அன்று வரவில்லை. மாமாவின் இன்ஜின் மட்டும் தூரத்தில் பெட்டி ஒன்றுகூட இல்லாமல் நின்றது. நாலு தாண்டி ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் பையைத் தோளிலிருந்து கழற்றினாள். நான் கன்னத்தை இன்னும் அழுத்தினேன். அப்போது கூவியது பாருங்கள், மூன்று முறை. பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"கரி இன்ஜின் இப்டியா கத்தும்? லாரி ஹாரன் மாரி கீதே," என்றாள்.

"வயசாயிட்ச்சி இல்ல, தொண்ட கட்டிகிச்சி," என்றேன். அவள் பையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா மாமாவின் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள்.

"சும்மா நின்னுகினு இருந்த வண்டில ஹாரன் அடிச்சா, மெமோ குடுக்காம மாலையா போடுவாங்க?"

ஏதோ ஆபீஸ் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். மாமா ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா எழுதினுகீற?"

"ஸ்டேஷன் சரித்திரம். சனிக்கிழம நாலு மணிக்கு இன்னா நடந்துச்சின்னு எழுதிக் குடுக்க சொல்றாங்க."

எனக்குத் தெரியாததா? தூணுக்குள் இருக்கும் ரயில் மூன்று முறை கூவியதையும், அதற்குச் சாட்சி உண்டு என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு தெரிந்த ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது, மாமா ஏன் அத்தனை நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.