பெரியவரைக் காணோம்

அந்தத் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் மூன்று காரியம் செய்யாமல் ஊர் திரும்புவதில்லை. கடலில் ஊறுவார்கள், வெயிலில் முதுகுத் தோலை உரித்துக்கொள்வார்கள், முதலையாரின் படகில் ஏறி முதலை பார்ப்பார்கள்.

முதலையார் என்பது படகோட்டிக்கு ஊர் வைத்த பெயர். அவர் முதலைக்கு வைத்த பெயர் பெரியவர். ஆற்றின் மூன்றாவது வளைவில் ஒரு சேற்றுமேடு இருக்கிறது. காலை எட்டரைக்குப் பெரியவர் அதில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்வார். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வழக்கம். அரசாங்க ஆபீசில்கூட அப்படி நேரத்துக்கு வந்து உட்காருகிறவர்களைப் பார்க்க முடியாது.

இருக்கும் இடம் தெரிந்த மிருகத்தை நேரே கொண்டுபோய்க் காட்டினால் யாருக்கு ருசிக்கும்? அதனால் முதலையார் ஒரு கூத்து வைத்திருந்தார். வளைவுக்கு முன்பே மோட்டாரை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். "ஐயையோ, பெரியவரைக் காணோமே" என்பார். போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவனைக் கூப்பிடுவார். "பெரியவர் அங்க வந்தாராப்பா?" என்றால் அவன், "இங்கதாண்ணே உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்காரு" என்பான். "விளையாடாதடா, நிஜமாவே காணோம்" என்று முதலையார் அழுகிற குரலில் சொல்வதற்கும், படகு தானாக மிதந்து வளைவைத் திரும்புவதற்கும் சரியாக இருக்கும். பெரியவர் எதிரே கிடப்பார். படகே அதிரும்படி சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலையார் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குத்தான் துறைக்குத் திரும்புவார். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. மகள் பிறந்த அன்று மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று துறையிலிருந்து ஆள் வந்து கரையில் நின்று கூவியும், சுற்றை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "ஏறினவங்க முழுசாப் பார்க்கணும்ல" என்று ஒரு நியாயம் வேறு. மனைவி அதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த மகள் இப்போது ஹோட்டலில் நீச்சல் டீச்சர். ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைக்குப் பக்கத்தில், மிதவைகள் கோத்த கயிறு கட்டி, அதற்குள் விருந்தாளிகளின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அப்பாவின் படகு கடைசி வளைவின் முனை திரும்பினால் வகுப்பு முடிந்தது என்று விசில் ஊதுவாள். கையில் ஒன்று கட்டியிருந்தாலும் அவளுக்கு அதுதான் கடிகாரம்.

அன்றைக்கு முந்தின இரண்டு நாளும் அடைமழை. படகில் பதினைந்து பேர். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒரு அம்மாள், மடியில் கேமராவோடு. மோட்டார் நின்றதுமே அவர், "எல்லாம் நெட்ல படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன் தம்பி. நீங்க பாட்டுக்கு நடிங்க" என்றார்.

முதலையார் நடித்தார். படகு வளைவைத் திரும்பியது.

சேற்றுமேட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. பெரியவரும் இல்லை.

முதலையார் எதிர்க்கரையைப் பார்த்தார். வேர்களுக்கு நடுவில் பார்த்தார். கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தார். வழக்கமான கூத்து இன்று நீளமாகப் போகிறது என்று பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார். முதலையார் தண்ணீர் ஓடும் திசையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த மேட்டை விட்டு நகராத மிருகம், மேடு போனபின் எங்கே போகும்? தண்ணீர் போகிற பக்கம்தானே போகும்? தண்ணீர் போகிற பக்கத்தில்தான் மகள் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கயிறு பிள்ளைகள் வெளியே போகாமலிருக்கக் கட்டியது. உள்ளே வருவதைத் தடுக்காது.

மகளின் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. போன் கரையில், பைக்குள் அல்லவா கிடக்கும். துறைக்கு அடித்தார்.

"டேய், பெரியவரைக் காணோம்."

"இங்கதாண்ணே உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்காரு."

படகு முழுக்கச் சிரிப்பு.

"விளையாடாதடா, நிஜமாவே காணோம்." சொன்ன பிறகுதான் அதுவும் கூத்தில் உள்ள வசனம் என்று அவருக்கு உறைத்தது. பாவி மனுஷன், பதறுகிறவன் சொல்லக்கூடிய வார்த்தை அத்தனையையும் சிரிப்புக்கே செலவழித்திருந்தார். "என் பொண்ணு மேல சத்தியம்டா. பிள்ளைங்கள தண்ணியிலிருந்து ஏறச் சொல்லு."

"இது புதுசா இருக்கேண்ணே. நல்லாருக்கு, இதையே வச்சுக்குங்க. க்யூ நிக்குது, வைக்கிறேன்."

முதலையார் மோட்டாரை முடுக்கிப் படகைத் திருப்பினார். இன்னும் குரங்கு பார்க்கவில்லை, மீன்கொத்தி பார்க்கவில்லை என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். இரண்டாவது வளைவின் கரையில், சேற்றில் ஓர் ஆள் அகலத்துக்கு வழித்துவிட்டது போன்ற தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஓரம்கூட இன்னும் உலரவில்லை. கடல் பக்கம் பார்த்து இறங்கியிருந்தது. வரும்போது இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். கூத்தை எப்படி ஆரம்பிக்கலாம் என்ற யோசனையில் கண்ணில் படவில்லை.

பதினைந்து பேரைச் சுமந்த படகு எவ்வளவு முடுக்கினாலும் தன் வேகத்தில்தான் போயிற்று. தலைமையாசிரியை அந்தத் தடத்தைப் பார்த்தார். மோட்டார் பிடியில் நடுங்குகிற கையைப் பார்த்தார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, "எல்லாரும் வாயை மூடிட்டு உட்காருங்க. இது நடிப்பில்ல" என்றார். வகுப்பறைக் குரல். படகு கப்சிப்.

முனை தெரிந்தது. முதலையார் எழுந்து நின்று மகளைக் கூப்பிட்டார். கடல் காற்று எதிரே அடித்துச் சத்தத்தை அவர் வாயிலேயே திணித்தது. கயிற்றுக்குள் கலர் கலராகக் குல்லாய்கள். மகள் முதுகைக் காட்டி நின்று ஒரு பிள்ளையின் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பவில்லை.

மோட்டார் சத்தம் கேட்டிருக்க வேண்டும், பிறகுதான் திரும்பினாள். படகைப் பார்த்தாள். மணிக்கட்டை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி படகைப் பார்த்தாள்.

விசிலை நீளமாக ஊதினாள். அவள் இரண்டு பிள்ளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களைக் கரைக்கு விரட்டினாள். ஒரு குட்டிப் பெண் மட்டும் மிதவையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் திரும்ப இறங்கி, விரலைப் பிரித்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

அவள் கால் மணலை மிதித்து ஒரு நிமிஷம் இருக்கும். அந்தக் குட்டிப்பெண் பிடித்திருந்த மிதவை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. கயிற்றுக்கு உள்பக்கம் இரண்டு கண்கள் எழும்பி, கரையைப் பார்த்தபடி நின்றன. பெரியவர்தான்.

படகைக் கரையில் ஏற்றிவிட்டு முதலையார் இறங்கினார். மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் பதினொரு பிள்ளைகளையும் தொட்டுத் தொட்டு எண்ணி ஹோட்டல் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

"நான் கத்தினது கேட்டுச்சாம்மா?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

"அப்புறம் எப்படி?"

"மணி ஒன்பதுதான் ஆகியிருந்துச்சு." என்றாள். "நான் பொறந்த அன்னைக்கே சீக்கிரம் வராத ஆளு நீங்க. அரை மணி முன்னாடி வர்றீங்கன்னா என்னவோ ஆயிருச்சுன்னு தெரியாதா?"

முதலையார் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் அவர் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"சரி, எந்திரிங்க. வீட்டுக்குப் போய், இன்னைக்கு நீங்க சீக்கிரம் வந்தீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுவோம்" என்றாள்.