அண்ணனைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது

1. வாடிவாசலில் ஒரு மாடு என் அண்ணனின் தொடையைக் கிழித்தது.
2. அறுவை சிகிச்சை நடந்தது. வலிக்கு அபின் வகை மாத்திரை எழுதிய மருத்துவர், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றார்.
3. காயம் ஆறியது.
4. மாத்திரை நிற்கவில்லை.
5. நான் வாய் திறந்தேன். அண்ணன் என்னோடு பேசுவதை விட்டார்.

நான் மருந்தாளுநர். ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு வாடிப்பட்டிப் பக்கம். அங்கே பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் பிளக்ஸில் இருக்கிறார். திமிலை அணைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு.

படுத்திருப்பவரைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மற்றவர்களுக்கு ஆரஞ்சும் ரொட்டியும் வரும். அண்ணனைப் பார்க்க வந்தவர்களோ மாடுபிடிக்காரர்கள். எல்லோரும் ஒரு முறையாவது குத்துப்பட்டவர்கள். எல்லோர் வீட்டிலும் மிச்ச மாத்திரை இருந்தது. "இது எனக்கு நல்லாக் கேட்டுச்சுண்ணே" என்று சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தலையணைக்கடியில் ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு மூக்கு ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. புண் உள்ளே பழுத்துவிட்டது என்று அம்மா அழுதார். அண்ணனின் சிநேகிதர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய் ஓர் அட்டையோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

"பாத்தியா தங்கச்சி? அம்புட்டுத்தேன். இனி மாடுகதேன் பயப்படணும்" என்றார் சிநேகிதர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, இது புண்ணு வலி இல்ல. மாத்திரை இல்லாததுனால வந்தது" என்றேன். "டக்குனு நிறுத்தவும் கூடாது. டாக்டர்ட்ட போயி கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம்."

அண்ணன் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "ஊரே எனக்குக் கொண்டாந்து குடுக்குது. ஒனக்கு மட்டும் நான் போதைக்காரனாத் தெரியிறனா? பஸ்ஸு இருக்கும்போதே கெளம்பு."

அம்மாகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

படிக்கும் காலத்தில், இதே வகை மாத்திரைகளில் சிக்கி இறந்த வெளிநாட்டுப் பாடகர்களையும் விளையாட்டு வீரர்களையும் பற்றித் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். சுற்றி அத்தனை பேர் இருந்தும் எப்படி விட்டார்கள் என்று அப்போது கோபம் வரும். அன்று சமயநல்லூர் தாண்டும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுற்றியிருந்த யாராலும் அவர்களுக்கு வலிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்திருக்காது.

இப்போதைய நிலை இது. அண்ணன் மாத்திரையை விடவில்லை. என் போனை எடுப்பதில்லை. போதை மீட்புப் பிரிவின் மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் செவ்வாய்க்கிழமைகளில் பார்ப்பார், அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த நாட்களில் விடுப்பு எடுத்துப் போய் அவர் அறைக்கு வெளியே உட்கார்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்து வைக்கிறேன். அண்ணன் இன்னும் வரவில்லை.