காலு எத்து

நகத்தைப் பிறைபோல் வளைத்து வெட்டினால் கால் அழகாக இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண் விழ. கல்யாணத்துக்கு நாள் குறித்த பூரிப்பில், அப்பா சவரம் செய்துவிட்டுப் போட்ட பழைய பிளேடை எடுத்து, வலதுகால் பெருவிரல் நகத்தின் மூலைகளை ஆழமாகச் சீவிவிட்டேன். அந்த நகம் வெளியே வளராமல் சதைக்குள் வளர ஆரம்பித்தது. விரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது.

அது ஐம்பதுகளில். நாங்கள் பாரூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு ஓசூரை ஒட்டிய மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை கிடைத்ததால் அங்கே குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தெருவில் பாதிப் பேர் கன்னடம், மீதிப் பேர் தெலுங்கு. அப்பா மாடுகளோடு பேசியே கன்னடம் கற்றுக்கொண்டார். எனக்கோ வேண்டும், வேண்டாம் என்று சொல்ல 'பேக்கு', 'பேடா' தாண்டி ஒன்றும் வராது.

அம்மா என் விரலைப் பார்த்த மாத்திரத்தில் நகச்சுத்தி என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து செருகிவிட்டாள். கைவிரலுக்கு அது சரி. கால்விரலில் எலுமிச்சம்பழத்தோடு நான் தண்ணீர்க் குடம் தூக்கி வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. போதாததற்கு வழியில் ஒரு கல்லிலும் இடித்துக்கொண்டேன். நகச்சுத்தியின் மேல் உலக்கை அடி என்று தெலுங்குக்காரர்கள் சொல்வார்களே, அதுதான்.

வலியைவிடப் பெரிய கவலை வேறு. மாப்பிள்ளை கன்னட எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். அவருடைய அத்தை ரவிக்கை அளவு வாங்க வந்தவர், நான் விந்தி விந்தி நடப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"என்னாம்மா, பொண்ணு காலை ஒரு மாதிரி வெக்குது?"

"வெக்கம்ங்க. அதான் மெல்ல நடக்கறா," என்றாள் அம்மா.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அம்மா அன்றே கணக்கைத் தொடங்கிவிட்டாள். ஆனால் மணவறையில் பொய் சொல்ல முடியாதே. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை இதே வலதுகால் பெருவிரலைத்தான் பிடித்துத் தூக்கி வைப்பார். ஊர் கூடியிருக்கும் சபையில் நான் வீலென்று கத்தினால், நொண்டிப் பெண்ணை மறைத்துத் தலையில் கட்டினார்கள் என்ற பேச்சு காலத்துக்கும் போகாது. தாலி ஏறும் முன்னாலேயே விஷயம் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று அம்மா பயந்தாள். நானும் பயந்தேன். மாப்பிள்ளையை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன், ஆனாலும் அவரை விட மனமில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு நகம் வெட்ட நாவிதர் வீட்டம்மா ஒருத்தி வருவாள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவள் குடும்பத்துக்குத்தான் வேலை. கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். கொல்லைப்புறத்தில் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வெந்நீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி சொன்னாள்:

"அம்மணி, காலு எத்து."

எங்கள் ஊரில் எத்து என்றால் உதை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருவேளை சீழ் வெளியேற இதுதான் வைத்தியமோ என்று எண்ணி, பெரியவர்கள் சொல்வதைத் தட்டக்கூடாதென்று, நல்ல காலால் ஓங்கி ஓர் உதை விட்டேன். தாடையில் பட்டது. செம்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"அடிப் பாவி! உனக்கென்ன பேயா புடிச்சிருக்குது?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"அவங்கதானே எத்தச் சொன்னாங்க!"

அந்த அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "எங்க பாஷையில எத்துன்னா தூக்கறதும்மா! ஒதைக்கறது இல்ல!" அப்பா மாலையில் கேட்டுவிட்டு, "கன்னடத்துல எருதுக்கும் எத்துன்னுதான் பேரு. சரியாத்தான் ஒதைச்சிருக்கா," என்றார்.

சிரித்து முடித்து விரலைப் பார்த்ததும் அந்த அக்காவின் முகம் மாறியது. நகவெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அந்த மூலையைத் தோண்டி எடுத்துடும்மா, தொல்லை விட்டுது," என்றாள் அம்மா.

"பேடம்மா. சீழ் கட்டின வெரல்ல நான் இரும்பு வெக்கமாட்டேன். தோண்டுனா இன்னிக்குச் சொகமா இருக்கும், நாளைக்குக் காலே போயிடும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சீழ் எடுத்த பெறவு நான் பாத்துக்கறேன்."

"வேற ஆளைக் கூப்பிட்டா செய்யமாட்டாங்களா?"

"செய்வாங்க. அவங்க செஞ்ச பெறவு என்னைக் கூப்பிடாதீங்க."

அம்மா பல்லைக் கடித்தாள். புடவை எடுக்கப் போகிறோம் என்று தெருவுக்கு இன்னொரு பொய் சொல்லி, வண்டி கட்டி என்னை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சீழை எடுத்து, கட்டுப் போட்டு, மருந்து கொடுத்தார். திரும்பும்போது நிஜமாகவே ஒரு புடவையும் எடுத்தோம்.

கட்டுப் பிரித்த பிறகு அந்த அக்கா தவறாமல் வந்தாள். தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் என் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைப்பாள். நகத்தின் மூலையை மெல்லத் தூக்கி, விளக்குத்திரிபோல் உருட்டிய சுத்தமான பஞ்சைச் செருகுவாள். "நேரா வளரட்டும். இனிமே நேராத்தான் வெட்டணும், மூலையைத் தொட்டே, நானே ஒதைப்பேன்," என்பாள். "காலு எத்து" என்று சொல்லும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பு அடங்காது. அந்தக் கொல்லைப்புற வெயிலும், உப்புத் தண்ணீரின் சூடும், அவள் கையின் சொரசொரப்பும் இப்போதும் எனக்கு வேண்டும்போல் இருக்கிறது.

"மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரியக்கூடாது," என்று அம்மா அவளிடம் சத்தியம் கேட்டாள். அவள் சத்தியம் செய்யாமல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

முகூர்த்த நாளன்று வீக்கம் வடிந்திருந்தது. ஆனாலும் தொட்டால் நோகும். தாலி கட்டியாயிற்று. அம்மியை நகர்த்தி வைத்தார்கள். கூட்டத்தில் அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது, அந்த அத்தையோ கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை குனிந்தார். நான் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

விரலில் கை படவே இல்லை. குதிகாலுக்கு அடியில் ஓர் உள்ளங்கை வந்து ஏந்திக்கொண்டது. எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது:

"காலு எத்து."

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, தாடையைப் பத்திரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

மாப்பிள்ளைச் சவரத்துக்குப் போன தன் புருஷனோடு அந்த அக்காவும் ஆனேக்கல் போய்வந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: விரலை, பிளேடை, உதையை. அத்தனையும் தெரிந்துதான் அவர் வந்திருந்தார். நான் சபையில் சிரித்துவிட்டேன். பெண்ணுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை என்றார் அத்தை. அம்மா சொல்லி வைத்திருந்த முதல் பொய் அங்கே உடைந்தது.

என் வீட்டுக்காரர் இருந்தவரை என் கால் நகத்தை அவர்தான் வெட்டினார், நேராக. இப்போது மகள் வெட்டிவிடுகிறாள். "காலைத் தூக்கும்மா," என்கிறாள். தூக்குகிறேன். அவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு குனிகிறாள், எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.